நீலக் கட்டம் போட்ட லுங்கி

ரெஜினா தோட்டம் இது இல்ல தாயி. வாய்க்காலைத் தாண்டினா அங்கிட்டு ஒரு பந்தல் தெரியுது பார், அதுதான். நீ வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன் இல்ல? பழக்கம். காலையில இருந்து உங்களோடது நாலாவது கார்.

உட்காரு. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் சரியில்ல. இந்தப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரு, பழம் அடுக்குற பெட்டிதான், சுத்தமா இருக்கும். உன் கூட்டாளிங்க மூணு பேரும் படம் எடுத்துட்டு வரட்டும். குனிஞ்சு போகச் சொல்லு. இந்தப் பந்தல் கை தூக்கினா எனக்கு எட்டுற உயரத்துக்குப் போட்டது. பட்டணத்துப் பிள்ளைங்க எல்லாம் நெடுநெடுன்னு வளர்ந்திருக்கீங்க... இடிச்சுக்கிட்டானா? பலமா? சிரிக்கிறான், அப்ப ஒண்ணுமில்ல.

நீ மட்டும் ஏன் போகல? கூச்சமா? இருக்கட்டும், நானும் அப்படித்தான். நாலு வார்த்தை சேர்ந்தாப்புல பேச எனக்கு வராது. எங்க வீட்டுக்காரர்கிட்டக் கேட்டுப் பார். அந்தா, மோட்டார் ரூம் பக்கத்துல உட்கார்ந்து மண்வெட்டிக்கு ஆப்பு வைக்கிறாரே, அவர்தான். அவரும் பேசமாட்டார். இந்த வீட்டுல பேச்சே கிடையாது.

என் பேர் பிலோமினா. ரெஜினா எனக்கு ஓரகத்தி. அண்ணனைக் கட்டினவ நான், தம்பியைக் கட்டினவ அவ. எங்க மாமனார் காலத்துல இது வாய்க்கால் மேலயும் சேர்த்துப் போட்ட ஒரே பந்தல். பாகம் பிரிச்ச அன்னைக்கு நடுவுல நின்னு கம்பியை வெட்டினாங்க. கொடிக்குப் பாகம் தெரியுமா? வருஷம் மூணு தரம் அவ கொடி இங்க வருது, என் கொடி அங்க போகுது.

என்னது? இரு, சொல்லிடுறேன். ஃபோனை உள்ள வை தாயி. அந்தப் படம்தானே? எல்லாரும் அதைத்தான் காட்டுறாங்க. மஞ்சள் கவுன் போட்ட பொண்ணு, மேல பழமா தொங்குது, இலை ஓட்டை வழியா வெயில் பொட்டுப் பொட்டா அவ முகத்துல விழுது. நான் நூறு தரம் பார்த்தாச்சு.

அந்தப் படம் என் பந்தல்ல எடுத்தது.

ஆமா. இங்கதான். நீ உட்கார்ந்திருக்கியே, உன் முதுகுக்குப் பின்னாடி மூணாவது கல்தூண். போன வருஷம் ஜூலை மாசம் ஒரு கார் வந்து நின்னுச்சு. மெட்ராஸ் வண்டி. "ஆன்ட்டி, அஞ்சு நிமிஷம்"னு சொல்லிட்டு அரைநாள் நின்னாங்க. நான்தான் அவங்களுக்கு மோர் குடுத்தேன். எந்த இடத்துல வெயில் நல்லா விழும்னு காட்டினதும் நான்தான். ஆனா படத்துல இடது பக்கம், பின்னால தள்ளி, ஒரு பலகை விழுந்துடுச்சு. "ரெஜினா திராட்சைத் தோட்டம்." ரோட்டுல போறவங்களுக்குப் பழம் விக்கிறதுக்காக அவ வச்ச பலகை. அந்தப் பொண்ணு ஊருக்குப் போயி, படத்தைப் போட்டு, அந்தப் பேரையே கீழே எழுதிட்டா. அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழு கார். அதுக்கு அடுத்த ஞாயிறு எண்ணவே இல்ல. எல்லாரும் ரெஜினா வீட்டு வாசல்ல.

இப்ப அந்தப் படத்துல வலது பக்கம் பார். தூணுக்குத் தூண் கட்டின கம்பியில ஒரு லுங்கி காயுது. நீலக் கட்டம் போட்டது. தெரியுதா? அது எங்க வீட்டுக்காரரோட லுங்கி. இப்பத் தலையைத் திருப்பி அந்தக் கம்பியைப் பார். அதே லுங்கி. அதே இடம். அன்னையில இருந்து அதை அவர் கட்டக்கூடாதுன்னு சொல்லிட்டேன். துவைக்கிறதுகூட இல்ல, தினமும் காலையில கொண்டுவந்து தொங்கப் போட்டு, சாயங்காலம் மடிச்சு உள்ள வைப்பேன். அதுதான் எனக்குப் பத்திரம். எவனாவது வந்து "படம் எடுத்தது இங்க இல்ல"ன்னு சொல்லட்டும், லுங்கியைக் காட்டுவேன். ஆனா ஒருத்தரும் லுங்கியைப் பார்க்கிறதில்ல. எல்லாரும் பலகையைத்தான் படிக்கிறாங்க. படிச்சவங்க இல்லையா.

பொறாமைன்னு நினைச்சுடாத. எனக்கு அந்தக் குணம் கிடையாது. ரெஜினா நல்லா இருக்கட்டும். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இத்தனை கார் வருதே, இதுல ஒரு கார், ஒரே ஒரு கார், இந்த வாசல்ல வந்து நின்னு "பிலோமினா தோட்டம் இதுதானா"ன்னு கேட்கணும். கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாலும் சரி. எட்டு மாசம் ஆச்சு. என்னைப் பார்த்துக் கேட்கிறதெல்லாம் "ஆன்ட்டி, ரெஜினா தோட்டம் எங்க இருக்கு?" இல்லன்னா "பாத்ரூம் எங்க இருக்கு?"

சிரிக்காத. உண்மை.

ஆனா வர்றவங்க நல்ல பிள்ளைங்கதான். ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. எங்க ஊரை இவ்வளவு அழகுன்னு சொல்றீங்களே, எப்படி? போன மாசம் ஒரு பையன் எங்க வீட்டுக் கதவை நாற்பது படம் எடுத்தான். பெயிண்ட் உரிஞ்சு கிடக்கிற கதவு. பங்குனியில அடிக்கலாம்னு எங்க வீட்டுக்காரர் டப்பா வாங்கி வச்சிருந்தார். "அங்கிள், தயவுசெஞ்சு பெயிண்ட் அடிச்சுடாதீங்க"ன்னு அவர் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டான். இவரும் சரின்னு டப்பாவைத் தூக்கி மேல வச்சுட்டார். முக்குல தண்ணி வராத குழாய் ஒண்ணு இருக்கு, அதைப் படம் எடுத்தாங்க. சைக்கிள் கடை, பரோட்டாக் கடை கல்லு, மாதா கோயில் மணி, எல்லாம் படம். ஒரு அம்மா வந்து இறங்கினதும் "அய்யோ, அப்படியே இத்தாலி"ன்னாங்க. இத்தாலிக்குப் போயிருக்கீங்களான்னு கேட்டேன். இல்லையாம். நானும் போனதில்லைன்னேன். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம்.

முதல்ல வந்தவங்க எல்லாம் ஒயின் எங்க கிடைக்கும்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். உத்தமபாளையம் போற வழியில இருக்கிற ஒயின் ஷாப்புக்கு வழி சொல்லிட்டார். ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்பி வந்தாங்க. அங்க எல்லாம் இருக்காம், ஒயின் மட்டும் இல்லையாம். அப்புறம்தான் விஷயம் புரிஞ்சது. சீமையில எல்லாம் திராட்சை ஊருக்கு வண்டி கட்டிப் போயி, தோட்டத்துலயே உட்கார்ந்து, கொஞ்சம் ஒயின், கொஞ்சம் ரொட்டின்னு சாப்பிட்டுட்டு வருவாங்களாமே. அந்த நினைப்புல வர்றாங்க. நாங்க கிறிஸ்துமஸுக்கு ஜாடியில போடுறதுதான் இங்க ஒயின். அதுவும் ஆளுக்கு ஒரு வாய்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நான் செஞ்ச வேலையைக் கேளு. கேட்டுட்டு யார் மேல தப்புன்னு நீயே சொல்லு.

எங்க பழக்கம் என்னன்னா, ரெண்டு பந்தலுக்கும் ஒண்ணாத்தான் கவாத்து. கொடியில பழைய குச்சியை எல்லாம் வெட்டி விடுறது. வெட்டின நாள்ல இருந்து நாலு மாசம், பழம் கைக்கு வந்துடும். எந்த நாள்ல கத்தரிக்கோலைத் தூக்குறோமோ அந்தக் கணக்குலதான் பழம். ஒண்ணா வெட்டினா ஆளும் ஒண்ணாப் பிடிக்கலாம், மருந்தும் ஒண்ணா அடிக்கலாம், வியாபாரியும் ஒரே லாரியில ஏத்திக்குவார். பாகம் பிரிச்சும் கவாத்தை மட்டும் பிரிக்கல.

போன ஜூலை கடைசியில ரெஜினா வந்தா. "அக்கா, திங்கட்கிழமை ஆள் சொல்லிரட்டுமா?"ன்னு கேட்டா.

"நீ சொல்லிக்கோ. நான் இந்தத் தரம் பொறுத்துத்தான் வெட்டுவேன்"னேன்.

"ஏன்க்கா?"

"எனக்குத் தோணுது."

எனக்கு ஏன் தோணுச்சுன்னா, ஜூலையில வெட்டினா நவம்பர்ல பழம் போயிடும். கிறிஸ்துமஸ் லீவுக்குப் பந்தல்ல என்ன இருக்கும்? குச்சி. நான் ஆகஸ்ட் பாதியில வெட்டினா டிசம்பர் பாதியில பழம் கறுத்துடும். லீவு விட்டு ஊர்ப்பட்ட கார் வர்ற நேரத்துக்கு ரெஜினா பந்தல் மொட்டையா நிக்கும், என் பந்தல் பழத்தைத் தாங்க முடியாம நிக்கும். அப்பப் பார்க்கலாம், பலகையைப் படிக்கிறாங்களா பழத்தைப் பார்க்கிறாங்களான்னு. படிச்ச பிள்ளை, நீ சொல்லு, கணக்கு சரிதானே?

சரியாத்தான் வந்துச்சு. டிசம்பர் பதினஞ்சுக்குப் பழம் அப்படி ஒரு கறுப்பு. குனிஞ்சு நிமிர்ந்தா நெத்தியில வந்து இடிக்கும். பழைய கேசட் நாடாவை எல்லாம் இழுத்துக் கட்டி, குருவி வராம நான் உட்கார்ந்து காவல் இருந்தேன். வியாபாரி வந்தார். ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்துட்டு, "நாளைக்கே வெட்டிரலாம்மா"ன்னார்.

"ஜனவரி ரெண்டாம் தேதி வாங்க"ன்னேன்.

"ஜனவரியா? அதுவரைக்கும் எதுக்கும்மா தொங்கணும்?"

"பார்க்கிறதுக்கு."

அவர் எங்க வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் வானத்தைப் பார்த்தார். வானத்துல என்ன இருக்குன்னு நான் பார்க்கல. நான் லுங்கியை நேராக்கிக்கிட்டு இருந்தேன்.

அன்னைக்கு மத்தியானம் ரெஜினா வாய்க்கால் அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா. "அக்கா, மேகம் கூடுது. பன்னீர்த் திராட்சை மழை தாங்காதுன்னு உங்களுக்குத் தெரியாததா? வெட்டிருங்கக்கா. நான் வேணா ஆள் அனுப்புறேன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நாலு மாசம் பொத்திப் பொத்தி வளர்த்து, கார் வர்றதுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு, அப்ப வந்து வெட்டுன்னா? கேட்டுட்டேன். "உன் பந்தல்ல குச்சிதானே நிக்குது. என் பழத்தைப் பார்த்தா உனக்கு எரியுதா?"ன்னு கேட்டுட்டேன்.

அவ "சரிக்கா"ன்னு போயிட்டா. பதில் சொல்லாம போறது ஒரு திமிர்தானே? பதில் சொல்லியிருந்தா சண்டை போட்டு முடிச்சிருக்கலாம்.

இருபதாம் தேதி மழை. இருபத்தொண்ணும் மழை. நம்ம பக்கத்துல அந்த நேரத்துல அப்படிப் பெய்யவே பெய்யாது, அந்த வருஷம் பார்த்துப் பெய்யுது. இருபத்திரண்டாம் தேதி காலையில வந்து பார்க்கிறேன், ஒவ்வொரு பழமும் வாயைத் திறந்திருக்கு. தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு தோல் வெடிச்சுடும் தாயி. பந்தல் முழுக்கச் சாறு சொட்டுது. எறும்பு, குளவி, தேனீ, எங்க இருந்துதான் வந்துச்சோ. எனக்குக் காரை வரவழைக்கத் தெரியல, குளவியை வரவழைக்கத் தெரிஞ்சிருக்கு. வியாபாரி எட்டிப் பார்த்தார், செருப்பைக்கூடக் கழட்டல, போயிட்டார்.

நான் இந்தத் தூணுக்குக் கீழே, ஈர மண்ணுல, அப்படியே உட்கார்ந்துட்டேன். எங்க வீட்டுக்காரர் பக்கத்துல வந்து உட்கார்ந்தார். "சொன்னேனே"ன்னு சொல்லியிருக்கலாம். ஆனா அவர் முன்னாடியும் சொல்லல, அதனால அப்பவும் சொல்ல முடியல.

அப்ப யார் வந்தா தெரியுமா? ரெஜினா. தலையில ஒரு ஜாடி, இடுப்புல ஒரு ஜாடி. ஊறுகாய் போடுற பீங்கான் ஜாடி. பின்னாடி கோயில் தெருப் பொம்பளைங்க ஆறு பேர், ஆளுக்கு ஒரு ஜாடி. எல்லார் வீட்டுலயும் கிறிஸ்துமஸுக்குப் போட்ட ஒயினை அந்த வாரம்தான் வடிகட்டியிருந்தாங்க, ஜாடி எல்லாம் காலி.

"அக்கா, எந்திரிங்க. வெடிச்ச பழம் சந்தைக்குத்தான் ஆகாது. ஒயினுக்கு ஆகும். பூஞ்சை பிடிக்கிறதுக்குள்ள கழுவிப் போட்டுருவோம்"னா.

என் நஷ்டத்தைப் பார்க்கத் தெருவையே கூட்டிட்டு வந்துட்டா பார். தனியா வந்திருக்கக்கூடாதா?

ரெண்டு நாள். வெட்டி, பொறுக்கி, கழுவி, உலர்த்தி, பிசைஞ்சு. சர்க்கரை, கோதுமை, கிராம்பு, பட்டை. சர்க்கரை என் வீட்டுல இருந்தது பத்தல, ரெஜினா ஒரு மூட்டையை உருட்டிட்டு வந்தா. மூட்டையாத்தான் வாங்கி வைப்பாளாம், அவ்வளவு வசதி. பிசையிறப்ப எல்லாரும் பாட்டு, சிரிப்பு. நான் சிரிக்கல. கொஞ்சமா சிரிச்சேன், எங்க வீட்டுக்காரர் கால் வழுக்கிப் பழத் தொட்டிக்குள்ள உட்கார்ந்தப்ப. என் வீட்டு ஜாடியும் சேர்த்து மொத்தம் பதினாலு ஜாடி. எங்க வீட்டுல வைக்க இடம் இல்லைன்னு ஏழு ஜாடியை ரெஜினா தன் வீட்டுக்குக் கொண்டுபோனா. அந்த ஏழு மேலயும் சாக்பீஸால "பிலோமினா அக்கா"ன்னு எழுதினா. எதுக்கு? அவ போட்டதோட என்னோடது கலந்துடக்கூடாதாம்! என்னோடது கலந்தா அவளோடது கெட்டுடுமா?

என்னம்மா? சொல்ல வந்ததைச் சொல்லு. பரவாயில்ல, அப்புறம் சொல்லு, மறந்துடுவேன் நான்.

லீவுக்குக் கார் வந்துச்சு. ஏன் வராம? அவ பந்தல்ல குச்சி, என் பந்தல்ல குளவி. ரெஜினா வாசல்லயே நின்னு எல்லாரையும் திருப்பி அனுப்பினா. "எங்க அக்கா மனசு சரியில்ல, பொங்கலுக்கு மேல வாங்க"ன்னு சொன்னாளாம். என் மனசைப் பத்தி இவ எதுக்கு மெட்ராஸ்காரங்ககிட்டப் பேசணும்?

அப்புறம் கேளு. இருபத்தோரு நாள் கழிச்சு வடிகட்டினோம். நான் பெருமைக்குச் சொல்லல, அப்படி ஒரு ஒயின் இந்த ஊர்ல யாரும் போட்டதில்ல. மழைத் தண்ணி பட்டதாலயா, ரொம்ப நாள் தொங்கினதாலயா, தெரியல. ஃபாதர் ஒரு வாய் குடிச்சுட்டு, கண்ணை மூடிட்டு, "இன்னொரு தடவை மழை பெய்யணும்"னார். ரெஜினா என்ன செஞ்சா தெரியுமா? அவ வீட்டுல இருந்த ஏழு ஜாடியையும் வர்ற போற கார்க்காரங்களுக்கு ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர் ஊத்திக் குடுத்தா. சும்மாதான். காசு வாங்கினா தப்பு, அது அவளுக்குத் தெரியும். குடுக்கிறப்ப ஒவ்வொருத்தர்கிட்டயும் "எங்க அக்கா போட்டது, எங்க அக்கா போட்டது"ன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தாளாம். என் கைப்பக்குவத்துல அவ பேர் வாங்குறா. யார் ஊத்தினாங்களோ அவங்களைத்தானே ஜனம் ஞாபகம் வச்சுக்கும்?

அன்னையில இருந்து நான் அவ வீட்டு வாசலை மிதிக்கிறதில்ல. மெயின் ரோட்டுக்குப் போறதுன்னா அவ வாசலைத் தாண்டித்தான் போகணும். அதனால மெயின் ரோடே வேண்டாம்னு விட்டுட்டேன். ரெண்டு மாசமாச்சு. கோயிலுக்கு வாய்க்கால் கரை மேல சுத்திப் போறேன். பூசைக்கு ஒரு வாரமும் நேரத்துக்குப் போனதில்ல. முள்ளு குத்தி இந்தக் கால் வீங்கிக் கிடந்துச்சு. அதுக்கும் அவ மஞ்சளும் வேப்பெண்ணெயும் எங்க வீட்டுக்காரர்கிட்டக் குடுத்து விட்டா. இங்கிட்டு நான் சுத்திப் போறது அவளுக்குத் தெரிஞ்சிருக்குன்னு எனக்குக் காட்டுறாளாம்.

இதுக்கு மேல என்ன பண்ணினா தெரியுமா? ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அந்தப் பலகையைக் கழட்டிட்டா. ஆமா, "ரெஜினா திராட்சைத் தோட்டம்" பலகையை. இனிமே எனக்கு எதுக்குப் பலகை, ஊருக்கே என்னைத் தெரியும்னுதானே அர்த்தம்? விளைவு என்ன? வர்ற கார் எல்லாம் வழி தெரியாம சுத்தி, கடைசியில என்கிட்ட வந்து "ஆன்ட்டி, ரெஜினா தோட்டம்?" முன்னாடி பத்துல ரெண்டு பேர் கேட்டாங்க. இப்பப் பத்துக்குப் பத்தும்.

எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி அழுதேன். "நம்மளும் ஒரு பலகை வைப்போம்"னேன். "ம்"னார். எதுக்கு ம்? சரின்னா, வேண்டாம்னா? ஒண்ணும் தெரியாது. நேத்து காலையில கடப்பாரையையும் மண்வெட்டியையும் தூக்கிட்டுக் கிளம்பினார். எங்கன்னு கேட்டேன். குழி தோண்டன்னார். எதுக்குக் குழின்னு கேட்டேன். "ஊன்ற"ன்னார். மத்தியானம் வர்றப்ப உள்ளங்கையில கொப்புளம், சட்டையில பெயிண்ட் வாசனை. வேலிக்கால் ஊன்றியிருப்பார்னு விட்டுட்டேன். எந்த வேலின்னு கேட்டா அதுக்கு ஒரு நாள் ஆகும்.

அதான் தாயி என் கதை. ரெஜினா தோட்டத்துக்குப் போறதுன்னா அந்த மரப்பாலத்துல ஒவ்வொருத்தரா போங்க. போயிட்டு வாங்க. நான் தப்பா நினைக்கமாட்டேன்.

என்ன? அங்க போகலையா?

ஏன், வழிதான் சொல்லிட்டேனே. ஃபோனை எதுக்கு மறுபடியும் நீட்டுற? அந்தப் படத்தை நான்...

இது அந்தப் படம் இல்லையே.

இரு, கண்ணாடியை எடுத்துக்கிறேன். வெயில்ல தெரியல, இந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடி. இது நம்ம மெயின் ரோட்டு முக்கு. புளியமரம் தெரியுது. இந்தப் பலகை... இந்தப் பலகையோட சட்டம் ரெஜினாவோடது. அதே ஆணி. மேல வேற பெயிண்ட் அடிச்சிருக்கு. பெருசாக்கு. இன்னும் கொஞ்சம்.

"படத்தில் நீங்கள் பார்த்த பந்தல் இதுதான். பிலோமினா தோட்டம்."

கீழே என்ன? "லுங்கி தொங்குவதே அடையாளம்." பக்கத்துல அம்புக்குறி. அம்புக்குறிக்கு மேல... இது என்ன, லுங்கியா வரைஞ்சிருக்காங்க?

நீங்க எங்க வந்தீங்க? இங்கயா? இங்கதானா? அப்ப வந்து நின்னதும் நீ கேட்க வந்தது... ஏன் தாயி முதல்லயே சொல்லல? சொல்ல விட்டேனா? விட்டிருக்கமாட்டேன். இப்பக் கேளு. இல்ல, இப்படி உட்கார்ந்துக்கிட்டே வேண்டாம். எந்திரி. அந்த வாசல் வரைக்கும் போ. போயி அங்க இருந்து வா. வந்து, என்ன கேட்கணும்னு நினைச்சியோ அதைக் கேளு. சத்தமா. கூச்சப்படாத, நான்தானே இருக்கேன்.

...

ஆமா. இதுதான். பிலோமினா தோட்டம் இதுதான். வாங்க.

ஒண்ணுமில்ல தாயி. வெயில்ல ஃபோனை உத்துப் பார்த்தா எனக்குக் கண்ணுல தண்ணி வரும். ஆனா நீ நல்லாக் கேட்ட. இதை எல்லாம் எழுதினது யாரு? ரெஜினாவா? அவளேதானா உங்களுக்கு வழி சொன்னா? புளியமரத்துகிட்ட நின்னுக்கிட்டா? என்ன சொன்னா? "எங்க அக்கா கொஞ்சம் பேசுவாங்க, கேட்டுக்கங்க"ன்னா?

கொஞ்சம் பேசுவேனாம். பார்த்தியா அவளை?

அந்த லுங்கியை மறுபடியும் காட்டு. இது பச்சை. பச்சைக் கட்டம்! ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, அது நீலம்னு. இதைப் பார்த்துட்டு இங்க வந்து நீலத்தைப் பார்த்தா ஜனம் குழம்பிப் போகாதா? பச்சை எங்கன்னு தேடிக்கிட்டு அடுத்த தெருவுக்குப் போயிடமாட்டாங்களா? ஒரு காரியம் செஞ்சா முழுசாச் செய்ய வேண்டாமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா லுங்கியைக் குடுத்து அனுப்பியிருக்கமாட்டேனா?

ஏங்க! இங்க வாங்க. இந்த ஃபோனைப் பாருங்க. இது உங்களுக்குத் தெரியுமா? தலையை ஆட்டாதீங்க, வாயைத் திறந்து சொல்லுங்க. தெரியுமா?

தெரியுமாம். குழி இதுக்குத்தானாம்.

லுங்கி ஏன் பச்சையா இருக்கு?

என்னது? "பலகை எழுதுறவர் பார்த்து வரைய லுங்கி கேட்டார். நீலத்தைத்தான் நீ யாருக்கும் தர்றதில்லையே. அன்னைக்கு நான் கட்டியிருந்தது பச்சை"யா?

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல இவ்வளவு பெரிய பேச்சு இவர் பேசினதில்ல தாயி. இதுக்கு நீதான் சாட்சி.

சரி. உங்க கார்ல இடம் இருக்கா? முன்னால ரெண்டு பேர், பின்னால ரெண்டு பேர், அப்ப நெருக்கி உட்கார்ந்தா நானும் ஏறிக்கலாம். முக்கு வரைக்கும்தான். பந்தல்ல இடிச்சுக்கிட்டானே அந்த டிரைவர் தம்பி, அவனைக் கூப்பிடு, அவனுக்கு நெத்தியில தடவ எண்ணெய் தர்றேன். ஏங்க, மேல வச்சிருக்கீங்களே கதவுக்கு வாங்கின பெயிண்ட், அது நீலம்தானே? எடுங்க. பிரஷ்ஷும் எடுங்க. நின்னுக்கிட்டே இருக்காதீங்க, ரெஜினா வெயில்ல நிக்கிறா.

அந்த ஒயின் பாட்டிலையும் எடுத்துக்கிறேன். என் பங்கு ஜாடியில வடிச்சது, இன்னும் யாருக்கும் ஊத்தல. அவளுக்குக் குடுக்கன்னு இல்ல. புளிச்சிருக்கா இல்லையான்னு அவ நாக்குக்குத்தான் சரியாத் தெரியும், பார்த்துச் சொல்லட்டும். இந்த மாசம் காய் மிளகு அளவுக்கு வந்திருக்கு, அடுத்த கவாத்து எப்பன்னும் கேட்கணும். ஆள் ஒண்ணாப் பிடிச்சாத்தான் கட்டுப்படியாகும்.

கதவைத் திற தாயி. உங்க படத்துக்கு லுங்கி வேணும்னா திரும்பி வந்து எடுத்துக்கலாம்னு உன் கூட்டாளிங்ககிட்டச் சொல்லு, கம்பியில இப்ப லுங்கி இருக்காது. அந்த லுங்கியை எடுத்துக் குடு. இல்ல, மடிக்க வேண்டாம், அப்படியே என் மடியில போடு. நிறம் ஒத்துப் பார்க்கணும்.

ஜன்னல் பக்கம் எனக்கு. கண்ணாடியை இறக்கி விடு. ரெஜினா வாசலைத் தாண்டுறப்ப மட்டும் வண்டியை மெதுவா விடச் சொல்லு.